கூட்டி வரப்பட்டவள்

சில மாதங்களுக்கு முன் தோழி ஒருத்திக்குத் துணையாக மனநல ஆலோசனை மையம் ஒன்றுக்குப் போயிருந்தேன். தனியார் மையம். வீட்டில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வாசல் பலகையில் பெரியவர்கள், குழந்தைகள், குடும்பங்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் தெரபி வழங்கப்படும் என்று எழுதியிருந்தது. காத்திருந்த இடத்தில் எங்களுக்கு எதிரே கல்லூரி வயதுப் பெண்ணொருத்தியும் அவளுடைய அப்பாவும். படிவத்தை அப்பாதான் நிரப்பினார். என்ன பிரச்சினைக்காக வந்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் நாலைந்து வரி எழுதினார். எழுதியதை மகளிடம் காட்டாமலே வரவேற்பில் கொடுத்தார். பணமும் அவர்தான் கட்டினார்.

எனக்கு இடா பௌவர் ஞாபகம் வந்தாள். 1900ஆம் வருடம் அக்டோபரில், வியன்னாவின் பெர்க்காஸ்ஸ தெரு 19ஆம் எண் வீட்டுக்கு அவளையும் இப்படித்தான் அப்பா கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டில் குடியிருந்து, அங்கேயே நோயாளிகளையும் பார்த்து வந்தவர் சிக்மண்ட் ஃப்ராய்ட்.

தெரபியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்பாடுகளின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள். யார் யாரைக் கூட்டி வந்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், கூட்டி வரப்பட்டவளுக்கு அதில் சம்மதமா என்பதெல்லாம் அடிக்குறிப்பில் போய்விடும். பெண்களைப் பொறுத்தவரை கதையே அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கிறது.

ஃப்ராய்ட் தனியாகத் தொழில் தொடங்கியது 1886இல். ஆராய்ச்சியில் இருந்துகொண்டு சம்பாதிக்க முடியவில்லை, கல்யாணம் செய்துகொள்ளப் பணம் வேண்டியிருந்தது. வந்தவர்களில் பலர் வசதியான வீட்டுப் பெண்கள். இருமல், வாதம், குரல் போய்விடுவது, மயக்கம் என்று உடம்பில் காரணம் பிடிபடாத தொல்லைகள் எல்லாவற்றுக்கும் அன்று ஹிஸ்டீரியா என்று ஒரே பெயர். கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கட்டணம் கட்டியவர்கள் அப்பாக்களும் கணவர்களும். ஒரு மணி நேரம் என்பது நோயாளிக்குக் குத்தகைக்கு விடப்பட்ட நேரம், வராவிட்டாலும் அதற்குக் காசு உண்டு என்று ஃப்ராய்டே பின்னாளில், 1913இல், விளக்கி எழுதினார். குத்தகை யார் பெயரில் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

இந்தப் பேச்சு மருத்துவத்துக்குப் பெயர் வைத்தவளே ஒரு பெண்தான். பெர்த்தா பாப்பன்ஹைம், வியன்னாவின் பணக்கார யூதக் குடும்பத்துப் பெண். படுக்கையில் கிடந்த அப்பாவுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது நோயில் விழுந்தாள். 1880 கடைசியிலிருந்து ஒன்றரை வருடம் ஜோசப் ப்ராயர் என்ற மருத்துவர் அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். தாய்மொழியான ஜெர்மனைப் பேச முடியாமல் ஆங்கிலம் மட்டும் பேசிக்கொண்டிருந்த நாட்களில், தான் மனதில் கிடப்பதைச் சொல்லிச் சொல்லி இறக்கிவைப்பதற்கு ஆங்கிலத்திலேயே ‘டாக்கிங் க்யூர்’ என்று பெயர் சூட்டினாள். விளையாட்டாகப் புகைபோக்கி சுத்தம் செய்வது என்றும் சொன்னாள். புத்தகத்தில் அவள் ‘அன்னா ஓ’ ஆனாள். சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே அவளை ஸ்விட்சர்லாந்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்க்க வேண்டிவந்தது என்பதை 1895இல் வந்த அந்தப் புத்தகம் சொல்லாமல் விட்டது. பிற்பாடு அவர் மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தார், 1904இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார், ஆதரவற்ற பெண்களுக்கு நொய்-ஈசன்புர்க் ஊரில் இல்லம் நடத்தினார். தான் பெயர் வைத்த மருத்துவத்தைப் பற்றி மட்டும் அவர் பேசவே இல்லை.

இடாவிடம் வருவோம்.

அவளுடைய அப்பா ஃபிலிப் பௌவர் துணி ஆலை முதலாளி. முன்பு அவரே ஃப்ராய்டிடம் வைத்தியம் பார்த்துக் குணமானவர். காசநோய்க்காகக் குடும்பத்தோடு தெற்கே மலையூர் ஒன்றில் தங்கியிருந்தபோது இன்னொரு தம்பதி நெருக்கமானார்கள். ஃப்ராய்ட் அவர்களைத் திருவாளர் கே, திருமதி கே என்று எழுதுகிறார். திருமதி கே அப்பாவுக்குச் செவிலியாக இருந்தார், பிறகு காதலியானார். இடா அந்தத் தம்பதியின் இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டாள். திருவாளர் கே அவளுக்குப் பூவும் பரிசும் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஃப்ராய்ட் எழுதியபடி, அவளுக்குப் 14 வயதிருக்கும்போது திருவாளர் கே ஒருநாள் தன் கடையில் வேறு யாரும் இல்லாதபடி ஏற்பாடு செய்துவிட்டு, அவளைப் பிடித்து இழுத்து முத்தமிட்டார். அவள் அருவருத்து ஓடினாள். இரண்டு வருடம் கழித்து ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, மனைவியால் தனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனாள். அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா கேட்டபோது திருவாளர் கே அடியோடு மறுத்தார். அந்தப் பெண் கண்ட புத்தகங்களைப் படித்துக் கற்பனை செய்கிறாள் என்று பதில் வந்தது. அவள் என்ன புத்தகம் படித்தாள் என்பது திருமதி கே மட்டும் அறிந்த ரகசியம். அப்பா நண்பரை நம்பினார்.

அதன் பிறகு இருமல், குரல் போவது, வாழ்ந்தது போதும் என்று எழுதிவைத்த ஒரு கடிதம். அம்மா அப்பா கண்ணில் அந்தக் கடிதம் பட்டது. முன்பே ஒருமுறை ஃப்ராய்டிடம் கூட்டி வந்தபோது அவள் வைத்தியம் வேண்டாம் என்று மறுத்திருந்தாள். இந்த முறை அவள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் புத்தி வரச் செய்யுங்கள் என்பதுதான் அப்பா வைத்த கோரிக்கை. இங்கே எத்தனை காத்திருப்பு அறைகளில் இதே வாக்கியம்! “கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க டாக்டர், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறா.” காதலித்தவளுக்கு, கல்யாணம் வேண்டாம் என்றவளுக்கு, புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவளுக்கு, எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃப்ராய்ட் அவளை நம்பவில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. அவர் நம்பினார். ஏரிக்கரைச் சம்பவம் கற்பனை என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. தன் மனைவியின் விவகாரத்தைத் திருவாளர் கே கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு விலையாகத் தன்னையே கொடுத்திருக்கிறார்கள் என்ற அவளுடைய குமுறலில் நியாயம் உண்டு என்றுகூட எழுதினார். அவள் வாழ்க்கையில் அதுவரை எந்த ஆணும் அவ்வளவு தூரம் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் நம்பிய பிறகு அவர் கேட்ட கேள்வி வேறு: ஏன் அருவருத்தாய்? ஆரோக்கியமான பெண்ணுக்கு அந்த முத்தம் கிளர்ச்சியைத்தானே தந்திருக்க வேண்டும், அருவருப்பு வந்ததே ஹிஸ்டீரியாவுக்கு அடையாளம் என்று அவர் முடிவு கட்டினார். உள்ளுக்குள் அவள் திருவாளர் கேயைக் காதலிக்கிறாள் என்று வாரக்கணக்காக அவளுக்கு விளக்கினார். அவள் இல்லை என்றாள். அந்த ‘இல்லை’க்கு ‘ஆம்’ என்று பொருள் என்றார்.

நம்பினால் போதும் என்று நாம் கோஷம் போடுகிறோம். போதாது என்பதற்கு நூற்றிருபது வருடத்துக்கு மேற்பட்ட இந்தச் சாட்சி இருக்கிறது.

1900 டிசம்பர் 31 அன்று வந்து படுத்தவள், இன்றைக்குத்தான் கடைசி என்றாள். எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டார். பதினைந்து நாள் முன்பு என்றாள். வேலைக்காரிகள் நோட்டீஸ் கொடுக்கிற மாதிரி இருக்கிறதே என்றார் ஃப்ராய்ட். அப்போதுதான் அவள் இன்னொன்றைச் சொன்னாள். கே வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஓர் இளம்பெண் இருந்தாள். அவளிடமும் திருவாளர் கே அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் நெருங்கினார். அவள் இணங்கினாள், கொஞ்ச நாளில் கைவிடப்பட்டாள். தாய் தந்தையிடம் சொன்னபோது உடனே வீட்டுக்கு வந்துவிடு என்றார்கள். அவர் மனம் மாறுவாரோ என்று காத்திருந்தவள் பிறகு நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள். இதெல்லாம் இடாவுக்கு ஏரிக்கரைக்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் தெரியவந்தது. அவள் ஏன் அறைந்தாள் என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. வேலைக்காரிக்குச் சொன்ன வசனத்தையே தனக்கும் சொன்னான் என்ற ஆத்திரம் அவளுக்கு இருந்ததென்று ஃப்ராய்டும் சொல்கிறார். அந்த ஆத்திரத்தில் வர்க்கத் திமிரும் கலந்திருந்திருக்கலாம். ஆனால் கதையில் யாரும் திரும்பிப் பார்க்காதவள் அந்த ஆசிரியைதான். அவளை எந்த மருத்துவரிடமும் யாரும் கூட்டிப் போகவில்லை. ‘கே’ என்ற எழுத்துகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

1905இல் இந்தச் சிகிச்சைக் குறிப்பை வெளியிட்டபோது ஃப்ராய்ட் இடாவுக்கு ‘டோரா’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் வேறொரு நூலில் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய தங்கை ரோசாவின் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கும் ரோசா என்றுதான் பெயர். எஜமானிக்கும் அதே பெயர் இருந்தால் குழப்பமாம். ஆகவே அந்தப் பெண் தன் பெயரை விட்டுவிட்டு டோரா ஆனாள். சொந்தப் பெயரைக்கூட வைத்துக்கொள்ள முடியாத ஒருத்தியின் பெயர்தான், பெயரை வெளியில் சொல்ல முடியாத இன்னொருத்திக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கிறது.

இடாவின் வைத்தியத்தை முடித்தது இடாதான். 1901 மே மாதத்தில் கே தம்பதியின் குழந்தை ஒன்று இறந்தது. துக்கம் கேட்கப் போன இடத்தில், என் அப்பாவோடு உங்களுக்குள்ள உறவு எனக்குத் தெரியும் என்று திருமதி கேயிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. திருவாளர் கேயிடமிருந்து ஏரிக்கரைச் சம்பவம் உண்மை என்ற ஒப்புதலை வாங்கினாள். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் சொன்னாள். அடுத்த வருடம் முகத்தில் நரம்பு வலி என்று ஃப்ராய்டைப் பார்க்க வந்தபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்தே இவள் நிஜமாக உதவி கேட்டு வரவில்லை என்று தீர்மானித்தார். இன்னும் முழுமையாகக் குணப்படுத்தும் திருப்தியைத் தனக்குத் தராமல் போனதற்காக அவளை மன்னிப்பதாகவும் சொன்னார்.

பிறகு அவர் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகனை வளர்த்தார், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய் 1945இல் நியூயார்க்கில் இறந்தார். அவர் இறந்து பன்னிரண்டு வருடம் கழித்தும், ஃபெலிக்ஸ் டாய்ச் என்ற மருத்துவர், தனக்குத் தகவல் சொன்ன ஒருவரின் வாயிலாக, தான் கண்டதிலேயே மிக வெறுக்கத்தக்க ஹிஸ்டீரியா நோயாளிகளில் ஒருத்தி என்று அவரைப் பற்றிப் பதிவு செய்தார். 1970களில் பெண்ணியவாதிகள் அந்தக் குறிப்பைப் புதிதாகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், வெளியேறிப் போனதை ஒரு செயலாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. எலன் சீக்சூ 1976இல் அவளை வைத்து நாடகமே எழுதினார்.

பலகையின் இரண்டாவது சொல் குழந்தைகள். குழந்தைக்கு வெளியேறிப் போகும் வசதியும் கிடையாது. 1909இல் ஃப்ராய்ட் எழுதிய ‘குட்டி ஹான்ஸ்’ என்ற ஐந்து வயதுப் பையனின் சிகிச்சையை நடத்தியவர் அவனுடைய அப்பாவே. ஃப்ராய்ட் சிகிச்சைக்காக அவனை ஒரே ஒருமுறைதான் பார்த்தார். இதன் பிறகு குழந்தைகளின் மருத்துவம் பெண்களின் வேலையாக ஒதுங்கியது. மருத்துவப் பட்டம் இல்லாதவர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. ஹெர்மினா ஹூக்-ஹெல்முத் இயற்பியலில் முனைவர், பள்ளி ஆசிரியை, குழந்தைகளோடு விளையாட்டின் வழியாகப் பேசியவர்களில் முன்னோடி. அவர் தன் எழுத்துக்குத் தன் அக்கா மகனையே பாடமாக வைத்துக்கொண்டார். 1924இல், 18 வயதில், அவன் அவரைக் கொன்றான். மெலனி க்ளைன் முதலில் ஆராய்ந்தது தன் சொந்த மகனை. அன்னா ஃப்ராய்டைப் பகுத்தாராய்ந்தவர் அவருடைய அப்பாவே. வீட்டுக்குள்ளேயே மருத்துவரும் நோயாளியும் இருந்த காலம் அது. இன்றைய விதிகளின்படி இதில் ஒன்றுக்கும் அனுமதியில்லை. விளையாட்டுச் சாமானை எடுத்துக் கொடுத்து, குழந்தை என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்க்கும் முறை மட்டும் இந்தப் பெண்களிடமிருந்து நமக்கு மிஞ்சியிருக்கிறது. பெரிய சொத்துதான்.

குழந்தை உள்ளே வந்தவுடன் கூண்டில் ஏற்றப்பட்டவர் அம்மா. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், அவரும் ஒரு பெண்தான், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு சொல்லைத் தந்தார். ஆட்டிசத்துக்குக் காரணம் அன்பில்லாத ‘ஃபிரிட்ஜ்’ தாய்மார்கள் என்ற பேச்சு பல வருடம் ஓடியது. ப்ரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். எத்தனை அம்மாக்கள் அந்தப் பழியோடு செத்திருப்பார்கள்! 1985இல் பாவ்லா காப்லனும் இன்னொருவரும் மனநல இதழ்களில் வந்த 125 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். படுக்கையை நனைப்பதிலிருந்து மனச்சிதைவு வரை 72 வகைக் கோளாறுகளுக்கு அம்மாக்கள் பொறுப்பாக்கப்பட்டிருந்தார்கள்.

மூன்றாவது சொல்லான குடும்பம் பலகைக்கு வந்ததில் விர்ஜீனியா சாட்டிருக்குப் பெரிய பங்குண்டு. விஸ்கான்சின் மாநிலத்துக்காரர், பள்ளி ஆசிரியையாக இருந்து சமூகப்பணி படித்தவர், 1951இல் சிகாகோவில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். மனச்சிதைவு என்று சொல்லப்பட்ட ஓர் இளம்பெண் அவரிடம் ஆறு மாதத்தில் தேறிவந்தாள். அப்போது அம்மாவிடமிருந்து ஃபோன், என் மகளை என்னிடமிருந்து பிரிக்கிறீர்கள், வழக்குப் போடுவேன் என்று. அந்த மிரட்டலில் சாட்டிருக்கு ஒரு கெஞ்சலும் கேட்டது. நீங்களும் வாருங்களேன் என்றார். அம்மா வந்து உட்கார்ந்ததும் பெண் பழைய நிலைக்கே போய்விட்டாள். பிறகு அப்பாவை வரவழைத்தார், பிறகு அண்ணனை. ஒருத்தியின் நோய் என்று கொண்டுவரப்பட்டது நான்கு பேருக்கு நடுவில் இருப்பதை அவர் கண்ணால் பார்த்தார். குடும்பம் கைகாட்டி அனுப்புகிற இந்த ஒருத்தருக்குத் துறைக்குள் ‘அடையாளம் காட்டப்பட்ட நோயாளி’ என்று பெயர் வந்தது. இடாவுக்கு அந்தச் சொல் ஐம்பது வருடம் தாமதம்.

நம் ஊரிலும் குடும்பம் உள்ளே வந்திருக்கிறது, வேறு வழியாக. 1950களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் வித்யாசாகர் நோயாளிகளோடு வீட்டாரும் தங்குவதற்கு வளாகத்திலேயே கூடாரம் போட்டார். வேலூரில் நோயாளியோடு குடும்பத்தவர் ஒருவர் தங்குவதே முறையாயிற்று. அருமையான ஏற்பாடு, சங்கிலிக்கும் பூட்டிய அறைக்கும் எதிரான ஏற்பாடு. கூடத் தங்கிச் சமைத்தது யார் என்று யாராவது எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துவிட்டால் எல்லோரும் சமமாகிவிடுவார்களா? 1978இல் ரேச்சல் ஹேர்-மஸ்டின் என்ற உளவியலாளர் குடும்ப தெரபியைப் பெண்ணிய நோக்கில் விமர்சித்து எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் கை வைத்தது. குடும்பம் ஓர் இயந்திரம், அதன் உறுப்புகள் ஒன்றையொன்று இயக்குகின்றன என்று துறை சொல்லிவந்தது. சம்பளம் வாங்குகிற உறுப்பும் சோறாக்குகிற உறுப்பும் எப்படிச் சமம்? அம்மா குழந்தையோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டிருக்கிறாள், அப்பா ஒதுங்கி நிற்கிறார் என்பது குடும்பம் தவறாமல் வாங்கும் சான்றிதழ். தீர்வாக அம்மாவைக் கொஞ்சம் விலகச் சொன்னார்கள். நேரம் வாங்க ஃபோன் செய்தவள் அவள், மாறுவதற்குத் தயாராக இருந்தவளும் அவள். ஆகவே அவளையே மாற்றுவது எளிதாக இருந்தது. அடிவாங்கிய மனைவியை அடித்தவனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, இருவரும் சேர்ந்துதான் இந்தச் சுழலை உண்டாக்குகிறீர்கள் என்று விளக்கியதும் உண்டு. ரெண்டு கை தட்டினாத்தான் ஓசை என்று நம் பஞ்சாயத்தில் சொல்வதைத்தான் அங்கே படித்துப் பட்டம் வாங்கிச் சொன்னார்கள்.

இதற்கு முன்பே, 1970இல், அமெரிக்க உளவியலாளர் மாநாட்டில் ஃபிலிஸ் செஸ்லர் எழுந்து நின்று, இந்தத் துறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு நஷ்ட ஈடாகப் பத்து லட்சம் டாலர் கொடுங்கள் என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. இரண்டு வருடத்தில் அவருடைய ‘பெண்களும் பைத்தியமும்’ என்ற நூல் வந்தது. 1976இல் லண்டனில் சூசி ஆர்பாக்கும் லூயிஸ் ஐக்கன்பாமும் பெண்களுக்கான தெரபி மையத்தைத் தொடங்கினார்கள்.

பணத்தைப் பற்றி ஃப்ராய்டுக்கும் உறுத்தல் இருந்தது. ஏழைக்கு உடம்பில் அறுவை சிகிச்சை பெற உள்ள உரிமை மனதுக்கும் உண்டு என்று 1918இல் புதாபெஸ்டில் பேசினார். அதன் பிறகு 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் இலவச மருத்துவ மையங்கள் திறந்தன. நாஜிகள் வந்து அவை போயின. மிஞ்சியது தனியார் அறை. காசு உள்ளவர்களுக்கு, அல்லது காசு உள்ளவர் கூட்டி வந்தவர்களுக்கு. இலவசமாகப் பேச இடம் இருந்தால் அந்தக் கே வீட்டு ஆசிரியை போயிருப்பாளா என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

அன்று அந்த மையத்தில் அப்பாவும் மகளும் உள்ளே போய், பத்து நிமிடத்தில் அப்பா மட்டும் வெளியே வந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “நான்தானே ஃபீஸ் கட்டறேன்” என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னார். அவள் “உக்காருங்க சார், கூப்பிடுவாங்க” என்றாள். அவர் உட்காரவில்லை. மகள் முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். இருவரும் ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனார்கள்.

பிறகு என் தோழியைக் கூப்பிட்டார்கள். முடித்து வந்து, கைப்பையின் உள்ஜிப்பிலிருந்து மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தாள். அந்தப் பெண் ரசீது போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் தோழி.